பெயின்ட்டா, ஸ்டிக்கரா?

எங்கள் வீட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்றால் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டார்கள். மாதக் கடைசியில் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே ஈ.எம்.ஐ. புலம்பல் புலம்புகிறவள் நான். போனில் இருக்கும் போட்டோவைக் காட்டினால், "அக்கா, இது பொருட்காட்சி ராட்டினத்துல வர்ற கார் மாதிரி இருக்கே!" என்பார்கள். அதுவும் சரிதான்.

காரின் பெயர் சான் ஸ்டார்ம். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நம் நாட்டிலேயே செய்து விற்ற கார். இரண்டே இரண்டு சீட். தலைக்கு மேல் கேன்வாஸ் துணி, வேண்டாம் என்றால் மடக்கிவிடலாம். மழை வந்தால் இடது பக்கம் உட்கார்ந்தவர் தோளில் சொட்டும். இன்ஜின் ரெனோ கம்பெனியின் 1149 சிசி. உடம்பு இரும்புத் தகடு இல்லை, ஃபைபர். அமெரிக்காவின் கார்வெட் காருக்கு 1953-லேயே ஃபைபர் உடம்புதான் என்று என் மகன் தேடிப் பார்த்துச் சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் இந்த காருக்கு மரியாதை கொஞ்சம் கூடியது.

பனமரத்துப்பட்டியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் 2005-லிருந்து நிற்கிறது. ஊரில் 'பூ மூட்டை கார்' என்றால் தெரியும். அம்மா இருந்தவரை, எங்கள் முப்பது சென்ட் தோட்டத்தில் அரளி மொட்டு பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, பக்கத்து சீட்டில் உட்கார வைத்து சீட் பெல்ட்டும் மாட்டி, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அப்பா கொண்டு போவார். துணியை மடக்கிவிட்டு, காற்றில் முடி பறக்க ஒரு பெரியவர் பூ மூட்டையோடு ஸ்போர்ட்ஸ் காரில் போவதைப் பார்த்து, நாமக்கல் ரோட்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள்.

அப்பா லாரி பெயின்டர். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

போன ஏப்ரலில் வெயில் சேலத்தை வறுத்தெடுத்ததே, அப்போது ஒரு நாள் காலையில் பூ பறித்துவிட்டு வரும்போது பார்த்தேன். பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து, வாழைப்பட்டை காய்ந்து சுருண்ட மாதிரி நின்றது. ஏற்கெனவே சிவப்பு வெளுத்து ரோஸ் நிறம் ஆகியிருந்தது. துணியால் துடைத்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி கையில் பொடி ஒட்டும். ஒரு மாதத்தில் இடது கதவிலும் உரிய ஆரம்பித்தது.

வீட்டில் மூன்று பேர், மூன்று கட்சி.

கல்லூரி விடுமுறைக்கு வந்த மகன், "அம்மா, ராப் பண்ணிடலாம்மா. மேட் கிரே. சும்மா மிரட்டும்" என்றான். ராப் என்றால் கார் முழுவதும் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது.

என் கணவர், "வித்துட்டு வேலையைப் பாருங்க" என்றார். பத்து வருடமாக இதைத்தான் சொல்கிறார். யார் வாங்குவார்கள் என்றால், "பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். அடியில ஃப்ரேமைத் தவிர இதுல ஏது இரும்பு?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார்.

எனக்கு இரண்டுமே வேண்டாம். ஏனென்றால், அந்தச் சிவப்பு அப்பா தன் கையால் அடித்தது. 2006-ல், என் கல்யாணத்துக்கு முந்தின வாரம். கல்யாணம் முடிந்து மண்டபத்திலிருந்து வீட்டுக்கு நாங்கள் இந்த காரில்தான் வந்தோம். இரண்டே சீட் என்பதால் நாத்தனார் ஏற முடியவில்லை. அந்தக் குறையை இன்றுவரை விசேஷத்துக்கு விசேஷம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "எங்கப்பா என் கல்யாணத்துக்காக ராத்திரி கண்ணு முழிச்சு அடிச்ச பெயின்ட்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை.

அதுவும் இரண்டு பக்கமும் கதவு ஓரமாக ஓடும் அந்தக் கோடு! ஒரு நூல் அகலம், கிரீம் நிறம். முன் சக்கரத்துக்கு மேல் ஆரம்பித்து, கதவில் லேசாக இறங்கி, பின்னால் போய் ஒரு மாங்காய் வளைவில் முடியும். ஸ்கேலும் இல்லை, டேப்பும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.

பெயின்ட் அடித்தாலும் அந்தக் கோடு போகும். ஸ்டிக்கர் ஒட்டினாலும் போகும். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினால் அடியில் பத்திரமாக இருக்கும் அல்லவா? என்றைக்காவது உரித்துப் பார்த்துக்கொள்ளலாமே! அப்படியே யோசித்து யோசித்து, ஒரு வாரத்தில் நானும் மகன் கட்சிக்குப் போய்விட்டேன்.

சிக்கல் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்.

அப்பா 14 வயதில் சங்ககிரியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். முதல் மூன்று வருடம் எமரி தாள் தேய்த்தது மட்டும்தான். அப்புறம் எழுத்து. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரி பாடி கட்டுகிற பட்டறைகளிலும் ரிக் வண்டிப் பட்டறைகளிலும் நாற்பது வருடம். நேஷனல் பர்மிட் லாரிக்குக் காய்ந்த இலையின் பிரவுன் நிறம்தான் அடிக்க வேண்டும், சுற்றிலும் வெள்ளை பார்டர் விட வேண்டும் என்பது அப்போது சட்டமாக இருந்தது. "பிரவுன் யார் வேணா அடிக்கலாம். அதுக்கு மேல என்ன பண்றோம்கறதுதான் தொழில்" என்பார். கேபின் நெற்றியில் குலசாமி பெயர், கதவில் தாமரை, டீசல் டேங்க்கில் புலி, பின்னால் திருஷ்டி முகம், முதலாளி பிள்ளைகளின் பெயர்கள். அணில் முடி பிரஷ்ஷில் அவர் எழுதிய பெயர்கள் பஞ்சாப் வரைக்கும் போய் வந்திருக்கின்றன.

அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர் வந்தது. ஒரு நாள் முழுக்க அப்பா எழுதுகிற எழுத்தை அரை மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஊர்ச் சுவர்களிலும் அதே நேரத்தில் ஃப்ளெக்ஸ் வந்து, போர்டு எழுதிக்கொண்டிருந்த அவருடைய நண்பர்களும் வீட்டுக்குப் போனார்கள். கம்பெனியிலிருந்தே கேபினோடு லாரிகள் வர ஆரம்பித்தன. ஒரு ஸ்டிக்கர்தான் அப்பாவின் பிழைப்பைக் கெடுத்தது என்று சின்ன வயதிலிருந்தே என் மனதில் பதிந்துவிட்டது. அவர் கையால் அடித்த காரின் மேலேயே ஸ்டிக்கரைப் போர்த்துகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் சொல்லாமலே மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை சேலம் கிளம்பினேன். அப்பாவிடம், "சர்வீஸுக்கு விடறோம்பா" என்று ஒரு பொய்.

இந்த ராப் விஷயத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள நிறைய இருந்தது. முதலில், எல்லா ஸ்டிக்கரும் ஒன்றில்லை. உருளைகளுக்கு நடுவே மாவு திரட்டுவது போல அழுத்தித் தேய்த்துச் செய்வது ஒரு வகை. திரவமாக ஊற்றி மெல்லிசாகக் காய வைத்து எடுப்பது இன்னொரு வகை, அதைக் காஸ்ட் ஃபிலிம் என்கிறார்கள். முதல் வகை மலிவு. ஆனால் இழுத்து ஒட்டிய இடத்தில் வெயில் பட்டதும் தன் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். வளைவு, மூலை, ஓரம் எல்லாம் வாயைத் திறந்துவிடும். காஸ்ட் ஃபிலிம் அப்படிச் சுருங்காது, விலை அதிகம். என் காருக்கு மலிவு ரகத்துக்கு 28 ஆயிரம் சொன்னார்கள். நல்ல ரகத்துக்கு 65 ஆயிரம்.

எத்தனை வருடம் தாங்கும் என்றால் பளிச்சென்று பதில் வராது. பக்கவாட்டுக் கதவில் ஐந்து வருடம் இருக்கிற அதே ஃபிலிம், நேராக வெயிலைப் பார்த்துப் படுத்திருக்கும் பானெட்டில் அதில் பாதிகூட இருக்காது. நம் ஊர் வெயிலுக்கு இன்னும் குறையும். மரத்தடியில் நிறுத்தினால் வெயில் படாது, ஆனால் காக்கை எச்சம் விழும். உடனே துடைக்காவிட்டால் ஃபிலிமில் கறை ஏறும்.

நிறம் மாற்றுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் காரின் நிறம் எழுதியிருக்கும். பெயின்ட்டோ ஸ்டிக்கரோ, சிவப்பு கார் கிரே கார் ஆனால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். 2022-ல்தான் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். அந்த வருடம் ஏப்ரலிலிருந்து பழைய கார்களுக்குக் கட்டணம் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. மறுபடியும் அந்தப் படி ஏறுவதற்கு எனக்குத் தெம்பில்லை. "சிவப்பே ஒட்டிக்கலாம்டா" என்றேன். மகன் முகம் சுருங்கியது. ராப் பண்ணியும் அதே நிறம் என்றால் நண்பர்களிடம் என்ன சொல்வது என்கிற கவலை அவனுக்கு.

ஜெர்மனியில் ஒரு காலத்தில் டாக்ஸி என்றால் வெளிர் சந்தன நிறத்தில்தான் ஓட வேண்டும் என்று சட்டம் இருந்ததாம். அந்த நிறத்தில் காரை வாங்கினால் பிறகு விற்பது கஷ்டம். அதனால் கறுப்புக் காரோ நீலக் காரோ வாங்கி, மேலே சந்தன நிற ஃபிலிம் ஒட்டி ஓட்டி, விற்கும்போது உரித்துவிடுவார்களாம். அடியில் பெயின்ட் புதுசாக இருக்கும். இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. பாருங்கள், அடியில் இருப்பது அப்படியே இருக்கும் என்று உலகமே சொல்கிறது!

ஸ்டிக்கர் கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். காரைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். "அக்கா, இது கம்பெனி பெயின்ட்டா?" என்றான்.

"இல்லப்பா. எங்கப்பா அடிச்சது."

"ஒரு டெஸ்ட் பண்ணிக்கலாமா?"

பானெட்டைத் திறந்து, உள்பக்க ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில் பிளேடால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்கும் கீறினான். அதன் மேல் டேப்பை ஒட்டி நகத்தால் நன்றாகத் தேய்த்தான். படக்கென்று இழுத்தான்.

டேப்போடு சிவப்பும் வந்துவிட்டது. கட்டம் கட்டமாக, சீட்டுக்கட்டு மாதிரி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியம், உரிந்த இடத்தில் தெரிந்தது ஃபைபர் இல்லை. இன்னொரு சிவப்பு. நேற்று கடையில் வாங்கிய வளையல் மாதிரிப் பளபளவென்று.

"அடியில கம்பெனி பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. அதை எமரி போட்டுச் சொரசொரப்பு பண்ணாம அப்படியே மேல எனாமல் அடிச்சிருக்காங்க. பிடிப்பே இல்லக்கா. ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொன்னா தர்றேன். ஆனா ஒட்டினது அந்தப் பெயின்ட்டைத்தான் பிடிச்சிருக்கும். பெயின்ட் காரைப் பிடிக்கலையே. நாளைக்கு ஓரம் தூக்கினா பெயின்ட்டோட சேர்த்துத் தூக்கும். உரிக்கறப்போ மொத்தமா வந்துடும். கீழே இருக்கிற கொப்புளம், விரிசல் எல்லாம் மேல அப்படியே தெரியும். ஸ்டிக்கர் எதையும் மறைக்காதுக்கா."

வேலை வேண்டாம் என்று தானாகவே சொல்கிற கடைக்காரரை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

ஜெர்மனி டாக்ஸி கதை கம்பெனி பெயின்ட் உள்ள காருக்குத்தான். உரித்தால் அடியில் பத்திரமாக இருக்கும் என்று நான் நினைத்தது, உரிக்கிற அன்றைக்கு ஸ்டிக்கரின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கோட்டையும் சேர்த்து.

அங்கிருந்து கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பெயின்டிங் பட்டறைக்குப் போனோம். அந்த மேஸ்திரி டேப் எல்லாம் ஒட்டவில்லை. கட்டை விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். "லாரி எனாமல்" என்றார். அதன் மேல் இந்தக் காலத்து பி.யூ. பெயின்ட் அடித்தால், அதில் இருக்கிற தின்னர் பட்டதும் பழைய எனாமல் பால் ஆடை மாதிரிச் சுருங்கிவிடுமாம். அதனால் மொத்தத்தையும் எடுத்தாக வேண்டும். தகரக் கார் என்றால் பெயின்ட் ரிமூவர் தடவி ஒரே நாளில் வழித்துவிடலாம். ஃபைபருக்கு அது ஆகாது, பிசினையே இளக்கிவிடும். கையால்தான் தேய்க்க வேண்டும். எனாமல் எமரி தாளை அடைத்துக்கொண்டே இருக்கும், நிறைய நேரம் பிடிக்கும். வெடிப்பு உள்ள இடங்களை வெட்டி ஃபைபர் வைத்துக் கட்டி, பட்டி பார்த்து, எபாக்ஸி பிரைமர் கொடுத்து, பிறகுதான் நிறம். சூடேற்றும் அறையில் தகரக் காருக்கு வைக்கிற சூடு இதற்கு வைத்தால் கொப்புளம் கிளம்பும் என்றார். மொத்தம் 85 ஆயிரம். மேலோட்டமாகத் தேய்த்து அடித்தால் 48. "அதை நான் பண்ண மாட்டேம்மா, வேற யாராச்சும் பண்ணுவாங்க" என்றார்.

திரும்பி வரும்போது மல்லூர் தாண்டும்வரை நானும் மகனும் பேசவே இல்லை. ஏரிக்கரைப் பக்கம் நிறுத்தினேன். சேலத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்க 1911-ல் கட்டி முடித்த ஏரி அது. இந்தக் கரையோர ரோட்டில்தான் இதே காரில் அப்பா எனக்கு கிளட்ச் பழக்கினார். மகன் மெதுவாகக் கேட்டான்.

"தாத்தா பெரிய பெயின்டர்னு சொல்லுவியே, எமரி போடாமயா அடிச்சார்?"

அதுதான் எனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. முதல் மூன்று வருடம் எமரி மட்டுமே தேய்த்த மனிதர். "அடிக்கிறது ரெண்டு மணி நேரம், தேய்க்கிறது ரெண்டு நாள்" என்று எங்களுக்குப் பாடமே நடத்தியவர்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 74 வயது. சில வருடமாக வலது கையில் நடுக்கம். டம்ளரை இரண்டு கையால் பிடிப்பார். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்டிக்கர் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன்.

"அதுக்கு ஏங்கண்ணு பயப்படறே? நான் ஒட்டாத ஸ்டிக்கரா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கடைசி நாலு வருஷம் பட்டறையில ஸ்டிக்கர்தானே ஒட்டினேன். எழுத்து வேலை நின்னு போச்சு. சும்மா உட்கார முடியுமா? உங்கம்மாவுக்குத் தெரியும். சோப்புத் தண்ணி தெளிச்சு, குமிழி இல்லாம நான் ஒட்டின மாதிரி யாரும் ஒட்டினதில்ல."

இருபது வருடமாக எனக்குள் வைத்திருந்த ஒரு கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

"அந்தப் பையன் டேப் வச்சு இழுத்தான்னு சொன்னியே, எத்தனை கட்டம் வந்துச்சு?"

"எல்லாமே வந்துடுச்சுப்பா."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

கார் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு லாரி முதலாளி அப்பாவுக்கு 70 ஆயிரம் ரூபாய் கூலி பாக்கி வைத்திருந்தார். தொழில் நொடித்துப்போய், பணத்துக்குப் பதிலாக மகன் ஆசைப்பட்டு வாங்கிய இந்த காரைக் கொடுத்தார். முன்பக்கம் ஒரு இடி இடித்து, ஒட்டுப்போட்டு, ஒரு பக்கம் நிறம் வேறாக இருந்தது. அம்மா ஒரு மாதம் பேசவில்லை. இதுவரை தெரியும்.

தெரியாதது இதுதான். என் கல்யாணத்துக்கு அந்த 70 ஆயிரத்தைத்தான் நம்பியிருந்தார்கள். காரை விற்றால்தான் பணம். ஈரோட்டிலிருந்து ஒருவர் வாங்குவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. இருந்தது இரண்டு ராத்திரி. கையில் காசில்லை. பட்டறையில் லாரிக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பு எனாமலைக் கேட்டு வாங்கி வந்து, தேய்க்க நேரமில்லாமல் அப்படியே அடித்திருக்கிறார்.

"வந்தவர் சுத்திப் பார்த்தாரு. 'என்னங்க, லாரி மாதிரி இருக்கு'ன்னாரு. போயிட்டாரு. அப்புறம் உன் கல்யாணத்துக்கு வட்டிக்குத்தான் வாங்கினேன்."

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், என் கல்யாணத்துக்காக அடித்த பெயின்ட் என்று. ஒரு வகையில் அது உண்மைதான்.

"தொழில்ல நான் பண்ணதுலயே மோசமான வேலை அது. தினமும் வாசல்ல நின்னுக்கிட்டு என்னையப் பாக்குது. நீ என்னடான்னா வர்றவங்க கிட்டயெல்லாம் காட்டிக் காட்டிப் பெருமை பேசறே. வேணாம்னு எப்படிச் சொல்றது? தேச்சு எடுத்துரு சாமி."

"கோடுப்பா?"

"அது அந்த ஆளு போனதுக்கப்புறம் இழுத்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. விக்கப்போறதில்லைன்னு ஆகிப்போச்சு, சரி, நம்ம வண்டிதானேன்னு..." சிரித்தார். "அது நல்லா வந்துச்சு."

என் கணவர் அதுவரை உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில், "85 ஆயிரத்துல பாதி நான் தர்றேன். சீட்டு எடுத்துக்கறேன்" என்றார். விற்றுவிடலாம் என்ற பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

பட்டறைக்கு விடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா மகனைக் கூப்பிட்டு, பழைய காலண்டர் தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டச் சொன்னார். அதைக் கதவின் மேல் விரித்து, கோட்டின் தடத்தை பென்சிலால் எடுக்க வைத்தார். பிறகு அதை மெத்தை மேல் போட்டு, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போட வேண்டும். லாரி லாரியாக ஒரே தாமரையை வரைந்த காலத்தில் இப்படித்தான் செய்வார்களாம். துளை போட்ட தாளை வண்டியின் மேல் வைத்து, சாக்பீஸ் தூளைத் துணியில் முடிச்சுக் கட்டித் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். கோல அச்சு மாதிரிதான். இரண்டு பக்கத்துக்கும் துளை போட்டு முடிக்க மகனுக்கு ஒரு நாள் ஆனது. நடுவில் இரண்டு தடவை போனை நோண்டினான், இரண்டு தடவையும் திட்டு வாங்கினான்.

எல்லாம் முடிந்ததும் அப்பா ஒரு எமரி தாளைத் தண்ணீரில் நனைத்தார். இடது கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நடுங்குகிற கை தேய்க்கும்போது நடுங்கவில்லை. வட்டமாகத் தேய்க்காமல் நேராக, மெதுவாக. சிவப்புத் தண்ணீர் வழிந்தது. கோடு போய், எனாமல் போய், அடியில் அந்தப் பழைய சிவப்பு உள்ளங்கை அளவு தெரிந்ததும் நிறுத்தினார். "இதை அன்னைக்கே பாலிஷ் பண்ணி, அந்த ஒட்டுப்போட்ட இடத்தை மட்டும் சரி பண்ணியிருந்தா வித்திருக்கும்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை என்று மகனிடம் சொன்னேன்.

பட்டறையில் மூன்று வாரம் என்றார்கள், ஆறு வாரம் ஆனது. அவர்களும்தான் என்ன செய்வார்கள், முன்பக்கத்தில் நாங்கள் நினைத்ததைவிட வெடிப்பு அதிகம். 85 என்பது 91 ஆனது. கார் வந்த அன்று அப்பா உள்ளங்கையைப் பானெட்டில் வைத்து மெதுவாக நகர்த்தினார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "பின்பக்கம் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் இருக்கு" என்றார். பெயின்ட் சமமாகப் பரவாமல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரிப் புள்ளியாக இருப்பதை அப்படிச் சொல்வார்கள். மேஸ்திரிக்கே போன் போட்டு அதைச் சொன்னார். அரை மணி நேரம் பேசினார்கள். போனை வைக்கும்போது இருவரும் மாமன் மச்சான் ஆகியிருந்தார்கள்.

கோட்டுக்கு மட்டும், "பெயின்ட் இறுகட்டும், ஒரு மாசம் போகட்டும்" என்றார். மாதம் மூன்றாகிவிட்டது. துளை போட்ட காலண்டர் தாள் சுருட்டி பீரோ மேல் இருக்கிறது. அணில் முடி பிரஷ்ஷைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, பழைய தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்து, சாயங்காலங்களில் பழைய தகரத்தின் மேல் இழுத்துப் பார்க்கிறார். ஒரு சாண் வரை நேராகப் போகிறது. அதற்கு மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. துணியால் துடைத்துவிட்டு மறுபடியும். நான் பார்க்காத மாதிரி அரளி மொட்டைப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஹாஸ்டலிலிருந்து மகன் பேசினான்.

"தாத்தா கோடு போட்டுட்டாராம்மா?"

"இன்னும் இல்லடா."

"அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அந்த ஸ்டிக்கர் கடை அண்ணாகிட்ட சொன்னா, அதே மாதிரி கட் பண்ணிக் கொடுத்துடுவார். அரை மணி நேர வேலை."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா தகரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, பிரஷ்ஷைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"வெள்ளையில வேணாம்" என்றார். "கிரீம்ல கிடைக்குமான்னு கேக்கச் சொல்லு."